கண்புரையும் கருவிழிப்படல மாற்றும் ஒரே தடவையில் செய்தால், பத்து வருடத்தின் பின் கண் எப்படி இருக்கும்?

கேள்வி கேட்டவரின் தாயாருக்கு 67 வயது. கிளிநொச்சி மாவட்டத்தில் வயல் செய்யும் குடும்பம். காலையில் எழுந்தவுடன் பார்வை புகைமூட்டமாக இருந்து, வெயில் ஏற ஏறத் தெளிகிறது; அதோடு கண்புரையும் முற்றி வருகிறது. கண்புரையை எடுத்து, கருவிழிப்படலத்தையும் (கண்ணின் முன்பக்கத்தில் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும் கோர்னியா) அதே சத்திரசிகிச்சையில் மாற்றலாம் என்று கண் வைத்திய நிபுணர் கூறியிருக்கிறார். அப்படிச் செய்தால் எவ்வளவு காலம் நிலைக்கும், இரண்டையும் தனித்தனியாகச் செய்வது நல்லதா, காலபோக அறுவடை முடியும்வரை பொறுக்கலாமா என்று மகன் கேட்டிருக்கிறார்.

நான் வைத்தியர் அல்ல. வன்னியில் உள்ள அரச வைத்தியசாலைகளின் கண் பிரிவுகளில் நீண்ட காலம் தாதிய உத்தியோகத்தராக வேலை செய்து ஓய்வு பெற்றவள். என் தாய்மாமனுக்கும் இந்த இரட்டைச் சத்திரசிகிச்சை நடந்து பல வருடங்கள் ஆகின்றன. ஆகையால் கிளினிக் மேசையின் இந்தப் பக்கத்திலிருந்தும், துளி மருந்து விடும் வீட்டுப் பக்கத்திலிருந்தும் பார்த்தவற்றை எழுதுகிறேன். உங்கள் தாயாரின் கண்ணைப் பரிசோதித்த நிபுணரின் முடிவே இறுதியானது.

இரண்டையும் சேர்த்துச் செய்வதா பிரித்துச் செய்வதா என்பதை விட, கருவிழிப்படலத்தில் எந்த அடுக்கை மாற்றப் போகிறார்கள் என்பதே நீண்ட காலப் பலனைக் கூடுதலாகத் தீர்மானிக்கிறது. உங்கள் பதிவில் அந்த விவரம் இல்லை. அடுத்த கிளினிக்கில் முதலில் கேட்க வேண்டியது அதுதான். கருவிழிப்படல மாற்று என்ற ஒரே பெயரில் ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபட்ட சத்திரசிகிச்சைகள் நடக்கின்றன. பழைய முறையில், படலத்தின் முழுத் தடிப்பையும் வட்டமாக வெட்டி எடுத்துவிட்டு, கண்தானம் செய்தவரின் படலத்திலிருந்து எடுத்த வட்டத்தை மயிரை விட மெல்லிய நைலோன் நூலால் சுற்றிவரத் தைப்பார்கள். சுண்ணாம்பு பட்டுக் கண் வெந்துபோன ஒரு தொழிலாளிக்கு 1905 டிசெம்பரில் எடுவார்ட் சிர்ம் என்ற வைத்தியர் செய்து வெற்றி கண்ட முழுத் தடிப்பு மாற்றின் வழியில் வந்தது இது. புதிய முறையில் படலத்தின் உள் அடுக்கை மட்டும் உரித்து எடுத்து, தானமாகக் கிடைத்த உள் அடுக்கைச் சிறு துவாரத்தின் ஊடாக உள்ளே செலுத்தி, ஒரு காற்றுக் குமிழியால் அழுத்தி ஒட்ட வைக்கிறார்கள். கொஞ்சம் தடித்த ஒட்டாக இருந்தால் டிசெக் என்றும், 2006 அளவில் நெதர்லாந்தின் கெரிட் மெலெஸ் அறிமுகப்படுத்திய மிக மெல்லிய ஒட்டாக இருந்தால் டிமெக் என்றும் சொல்வார்கள்.

தாயாருக்குக் காலையில் மங்கலும் மதியத்தில் தெளிவும் இருப்பதைப் பார்த்தால், உள் அடுக்குப் பலவீனப்பட்ட கண் போலத்தான் தெரிகிறது. அந்த உள் அடுக்கில் ஒரே வரிசையாக நிற்கும் கலங்கள், படலத்துக்குள் ஊறும் நீரை ஓயாமல் வெளியே இறைத்துக்கொண்டிருக்கின்றன. வளர்ந்தவரின் கண்ணில் ஒரு சதுர மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 2,500 கலங்கள் இருக்கும். இழந்த கலத்துக்குப் பதிலாகப் புதியது பிறப்பதில்லை. எண்ணிக்கை 500 அளவுக்கு இறங்கும்போது நீரை இறைக்க முடியாமல் படலம் வீங்கி மங்கிவிடும். இரவில் இமை மூடியிருப்பதால் ஆவியாதலும் நின்று, காலையில் வீக்கம் கூடுதலாகத் தெரியும். வியன்னாவில் வாழ்ந்த எர்ன்ஸ்ட் ஃபுக்ஸ் 1910 இல் விவரித்த நோய் இதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று. இப்படிப்பட்ட கண்ணில் புரையை மட்டும் எடுத்தால், அந்தச் சத்திரசிகிச்சையே எஞ்சியிருக்கும் கலங்களில் ஒரு பகுதியை அழித்துவிடும். படலத்தை மட்டும் மாற்றினாலோ, அதன்பின் விட வேண்டிய ஸ்டீரோயிட் துளிகளும் வயதும் சேர்ந்து புரையை முற்றச் செய்யும். பிறகு அந்தப் புரையை எடுக்கும்போது புதிய ஒட்டின் கலங்களே சேதமாகும். ஒரே தடவையில் செய்யும் யோசனை இங்கிருந்துதான் வருகிறது.

உங்கள் தாயாருக்கு உள் அடுக்கு மாற்றே நடக்கும் என்றால், மனதைத் தளரவிடத் தேவையில்லை. ஃபுக்ஸ் நோய்க்காக டிமெக் செய்த கண்களில் 5 வருடம் கடந்தும் ஒட்டுத் தெளிவாக இருப்பவை 90 சதவீதத்துக்கு மேல் என்று அனுபவம் மிக்க நிலையங்கள் காட்டியிருக்கின்றன. புரையோடு சேர்த்துச் செய்த கண்களையும் தனித்தனியாகச் செய்த கண்களையும் ஒப்பிட்ட பல ஆய்வுகளில், ஒட்டின் ஆயுளிலோ பார்வையிலோ பெரிய வித்தியாசம் காணப்படவில்லை. உடல் அந்நிய ஒட்டை எதிர்ப்பதை நிராகரிப்பு என்பார்கள். ஒரு அமெரிக்க நிலையம் 2012 இல் வெளியிட்ட ஒப்பீட்டில், முதல் இரண்டு வருடங்களில் நிராகரிப்பு வந்தவர்கள் டிமெக்கில் 1 சதவீதம், டிசெக்கில் 12, முழுத் தடிப்பு ஒட்டில் 18. ஆனால் டிமெக்கின் தொந்தரவு முதல் வாரங்களில் இருக்கிறது. மெல்லிய ஒட்டு ஓரத்தில் கழன்றுவிட்டால் மீண்டும் காற்று ஏற்ற வேண்டி வரலாம். காற்றுக் குமிழி இருக்கும் நாட்களில் மல்லாந்தே படுக்க வேண்டும். கொழும்பில் செய்தால், மறுநாளே பஸ் ஏறி 300 கிலோமீற்றருக்கு மேல் இருந்தபடி வருவதை மறந்துவிடுங்கள். உறவினர் வீட்டிலோ வைத்தியசாலைக்கு அருகிலோ தங்கும் ஏற்பாட்டை முன்னரே செய்து வையுங்கள்.

முழுத் தடிப்பு மாற்று என்றால் கணக்கு வேறு. அமெரிக்காவில் 2000 முதல் 2002 வரை, உள் அடுக்கு நோய்களுக்காக முழுத் தடிப்பு ஒட்டுப் பெற்ற 40 முதல் 80 வயது வரையான 1,090 பேரைத் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வு ஒன்று இருக்கிறது. அதில் 5 வருட முடிவில் 86 சதவீதமான ஒட்டுகள் நின்றன. 10 வருட முடிவில் ஏறத்தாழ நான்கில் மூன்று நின்றன. எனக்கு இவற்றை விட முக்கியமாகப் படுவது, தெளிவாக நின்ற ஒட்டுகளிலும் 10 வருடத்தில் கலங்கள் முக்கால் பங்குக்கு மேல் குறைந்து, சதுர மில்லிமீற்றருக்கு 600 அளவுக்கு வந்திருந்ததுதான். பார்வை நன்றாக இருக்கிறது என்று கிளினிக்கை விட்டவர்களின் கண்ணும் உள்ளே மெல்ல மெல்லக் கலங்களை இழந்துகொண்டே இருக்கிறது. அதே ஆய்வில், ஃபுக்ஸ் நோயாளிகளில் 5 வருடத்துக்குள் ஒட்டுத் தோல்வியடைந்தவர்கள் 7 சதவீதம். முன்னர் புரை எடுத்த பின் படலம் வீங்கியவர்களில் 27 சதவீதம். புரையை எடுத்துவிட்டு வைத்த அந்தக் காலத்துச் செயற்கை வில்லைகளும் முறைகளும் இதற்கு ஓரளவு காரணமாக இருக்கலாம். இருந்தாலும், கலங்கள் குறைந்த கண்ணில் முதலில் புரையை மட்டும் எடுத்துப் பார்ப்போம் என்று அவசரப்படுகிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் அறிந்திருப்பது நல்லது.

முழுத் தடிப்பு ஒட்டையும் புரையையும் சேர்த்துச் செய்வதில் ஒரு சிக்கல் வில்லையின் இலக்கம். புரையை எடுத்த இடத்தில் வைக்கும் செயற்கை வில்லையின் வலு, கருவிழிப்படலத்தின் வளைவை அளந்தே கணிக்கப்படுகிறது. அந்தப் படலத்தையே வெட்டி எடுத்து வேறொன்றைத் தைக்கப் போகிறவர்களுக்கு, தையல் எல்லாம் எடுத்து முடிந்த பின் வளைவு எப்படி அமையும் என்பது முன்கூட்டித் தெரியாது. இன்னும் நிலை வைக்காத வாசலுக்குக் கதவு அளவு கொடுப்பது போன்ற காரியம் அது. கணக்குப் பல டயொப்டர் (வில்லையின் வலுவை அளக்கும் அலகு) வித்தியாசப்படலாம். தையலால் வரும் வளைவுக் கோணலும் 4, 5 டயொப்டர் வரை நிற்பது சாதாரணம். உள் அடுக்கு மாற்றில் படலத்தின் வெளிப்புறம் பெரும்பாலும் அப்படியே இருப்பதால், இலக்கம் தூரப்பார்வைப் பக்கமாக ஏறத்தாழ ஒரு டயொப்டர் அளவுக்கே நகரும். அதை முன்கூட்டிக் கணக்கில் எடுத்தே வில்லையைத் தெரிவு செய்வார்கள்.

என் மாமாவுக்கு நடந்தது முழுத் தடிப்பு மாற்று. அவர் மல்லாவிப் பக்கத்துக் கமக்காரர். சூடடிக்கும்போது நெல் உமி கண்ணில் பட்டு, பங்கசுத் தொற்று ஏற்பட்டு, மாறிய பின் கருவிழியில் வெண்தழும்பு நின்றுவிட்டது. வயதோடு புரையும் சேர்ந்தது. சத்திரசிகிச்சை முடிந்து முதல் வருடம் முழுவதும், கண்ணாடி போட்டாலும் அவருக்குப் பார்வை திருப்தியாக இல்லை. "இதுக்கோ பிள்ளை இவ்வளவு பாடுபட்டது?" என்று என்னிடம் பல தடவை கேட்டார். தையல்களைப் பகுதி பகுதியாக அகற்றி, கடைசியில் கடினமான கண்வில்லை (கொன்டாக்ட் லென்ஸ்) அணியப் பழகிய பிறகே பத்திரிகை எழுத்து அவருக்குப் பிடிபட்டது. முழுத் தடிப்பு ஒட்டில் ஒரு வருடம், சில வேளை அதற்கும் மேல், பார்வை மாறிக்கொண்டே இருக்கும் என்பதை வீட்டார் முன்னரே அறிந்திருந்தால் வீண் மனவருத்தம் குறையும்.

அவருடைய ஒட்டு இன்றும் தெளிவாக இருக்கிறது. ஆனால் இடையில் ஒரு முறை நிராகரிப்பு வந்தது. கண் சற்றுச் சிவந்தது, வெளிச்சத்தைப் பார்க்கக் கூசியது, பார்வையில் ஒரு மெல்லிய பனி படர்ந்தது. நோவு பெரிதாக இருக்கவில்லை. மாமி அதைத் தூசி என்று விட்டுவிடாமல் அன்றே தொலைபேசியில் சொன்னார், மறுநாள் காலையில் கிளினிக்கில் இருந்தார்கள், மணித்தியாலத்துக்கு ஒரு தடவை ஸ்டீரோயிட் துளி விட்டு ஒட்டைக் காப்பாற்றினார்கள். சிவப்பு, கூச்சம், மங்கல், நோவு ஆகிய நான்கில் ஒன்று வந்து ஒரு நாளில் தணியாவிட்டாலே புறப்பட வேண்டும். பார்வை திடீரென்று மங்கினால் அந்த ஒரு நாளும் பார்க்கக் கூடாது. ஒட்டு வைத்துப் பத்து வருடம் கடந்தாலும் நிராகரிப்பு வரலாம். வன்னியில் இந்த விதியைக் கடைப்பிடிப்பது, எழுதுவது போல இலகுவானதல்ல என்பதும் எனக்குத் தெரியும். கிளிநொச்சியில் இருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை ஏறத்தாழ 65 கிலோமீற்றர். ஏ9 வீதிக்கு அருகில் இருப்பவர்களுக்கு அது ஒரு பஸ் பயணம். உள்ளே துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கங்களில் இருப்பவர்களுக்கு முதல் பஸ்ஸைப் பிடிக்கவே ஒரு மோட்டார் சைக்கிளும் அதை ஓட்ட ஒரு ஆளும் வேண்டும். ஆகையால் எந்த வைத்தியசாலைக்கு, எந்த நாளில், யாருடைய வாகனத்தில் என்பதைச் சத்திரசிகிச்சைக்கு முன்னரே வீட்டில் பேசி வையுங்கள்.

துளி மருந்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் பார்த்த அளவில் நீண்ட காலத் தோல்விகளில் பெரும் பங்கு இங்கேதான் தொடங்கியது. ஒட்டுப் போட்டவர்கள் பலருக்கு, நிராகரிப்பு வராமல் இருக்க, குறைந்த அளவிலேனும், ஸ்டீரோயிட் துளியைப் பல வருடங்களுக்குத் தொடரச் சொல்வார்கள். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீரோயிட் துளி வெள்ளையாக அடியில் படிந்துவிடும். குலுக்காமல் விட்டால் உள்ளே போவது வெறும் நீர்தான். திறந்த போத்தலை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஆவணி, புரட்டாதி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே யன்னல் ஓரத்தில் வைத்த மருந்தின் நிலையைச் சொல்லவே வேண்டாம். 2022 மருந்துத் தட்டுப்பாட்டின்போது, ஒரு போத்தலை நீட்டி நீட்டிப் பாவித்தவர்களையும் துளிகளைத் தாமாகவே குறைத்தவர்களையும் எனக்குத் தெரியும். 2023 இல் நாட்டின் சில வைத்தியசாலைகளில் கண் துளி மருந்தால் தொற்று ஏற்பட்ட செய்தி வந்த பிறகு, பயந்து மருந்தை அடியோடு நிறுத்தியவர்களும் உண்டு. பயம் நியாயமானது, ஆனால் நிறுத்துவதற்கு முன் கிளினிக்குக்கு ஒரு அழைப்பு எடுத்திருக்கலாம். நிறுத்திய ஒட்டு சில வாரங்களில் மங்கி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அதே ஸ்டீரோயிட் துளி கண் அழுத்தத்தைக் கூட்டும் குணமும் உடையது. அழுத்தம் கூடுவது நோயாளிக்குத் தெரியாது; தெரியும்போது நரம்பு கெட்டிருக்கும், அதைத் திருப்ப முடியாது. ஒட்டு முத்துப் போலத் தெளிவாக இருந்தும், குளுக்கோமா என்ற இந்தக் கண் அழுத்த நோயால் பார்வை போனவர்களைப் பார்ப்பதுதான் இந்த வேலையில் எனக்கு மிகவும் கசப்பான விடயமாக இருந்தது. ஆகவே மூன்று, நான்கு மாதத்துக்கு ஒரு தடவை அழுத்தம் பார்ப்பதை, பார்வை நன்றாக இருக்கும் வருடங்களிலும் தவறவிடாதீர்கள்.

செயற்கை வில்லையைப் பற்றிக் கவலை வேண்டாம். அது ஆயுள் முழுவதும் இருக்கும். சில வருடங்களின் பின் வில்லையின் பின்னால் உள்ள சவ்வு மங்கி, "திரும்பவும் புரை வந்திட்டுது" என்று சனங்கள் சொல்வது வழக்கம். அதைச் சில நிமிட லேசரில் தீர்க்கலாம்.

இந்தப் பகுதியில் இருந்து எழுதுவதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2009 வரையான காலத்தில் எறிகணைச் சிதறல் பட்ட கண்கள் இங்கே நிறைய உண்டு. அவற்றிலும் தழும்பும் புரையும் சேர்ந்தே இருக்கும், ஆகையால் அவர்களுக்கும் இதே இரட்டைச் சத்திரசிகிச்சை பேசப்படும். ஆனால் கதிராளி (கண்மணியைச் சுற்றியுள்ள நிறத் திரை) கிழிந்து, படலத்தில் இரத்தக் குழாய்கள் ஓடி, விழித்திரையும் பாதிக்கப்பட்ட கண்ணின் பலனை, மேலே சொன்ன ஃபுக்ஸ் கண்ணின் சதவீதத்தோடு ஒப்பிடவே கூடாது. இரத்தக் குழாய் ஓடிய படலத்தில் நிராகரிப்பு மிகவும் கூடுதல். முன்பக்கம் மங்கலாக இருக்கும்போது விழித்திரையை நேரே பார்க்க முடியாததால், ஸ்கான் மூலம் பின்பக்கத்தைப் பார்த்த பின்னரே முடிவெடுப்பார்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கும் இது பொருந்தும். ஒட்டும் வில்லையும் வெற்றியாக அமைந்து, விழித்திரை கெட்டிருந்ததால் பார்வை வராத கண்களும் இருக்கின்றன; அதைச் சத்திரசிகிச்சையின் தோல்வி என்று சொல்வது நியாயமில்லை.

சேர்த்தா பிரித்தா என்ற கேள்விக்கு என் கருத்து இதுதான். உள் அடுக்கு மாற்று என்றால், 67 வயதில் புரையும் இருக்கும்போது சேர்த்துச் செய்வதையே நான் விரும்புவேன். ஒரு மயக்கம், ஒரு தங்கல், ஒரு துளி மருந்துக் காலம். வயலும் வீடும் பார்க்கும் குடும்பத்துக்கு அது சிறிய ஆறுதல் அல்ல. முழுத் தடிப்பு மாற்று என்றால் நிபுணரிடம் இன்னும் கொஞ்சம் பேசுங்கள். படலத்தை வெட்டித் திறந்த நிலையில் புரையை எடுக்கும்போது, கண்ணுக்குள் இரத்தம் பெருகும் அபாயம் அரிதாக இருந்தாலும் பாரதூரமானது. படலத்தை முதலில் மாற்றி, தையல் எடுத்து வளைவு நிலைத்த பிறகு புரையை எடுத்தால் வில்லையின் இலக்கம் சரியாக அமையும். அதற்கு விலையாக ஒட்டின் கலங்களில் ஒரு பகுதியையும், இன்னொரு வருடத்தையும் கொடுக்க வேண்டும். மறு கண்ணில் நல்ல பார்வை உள்ளவருக்கு அந்தக் காத்திருப்புத் தாங்கும். அந்த ஒரு கண்ணையே நம்பி அடுப்பும் கிணறும் பார்க்கிற அம்மாவுக்கு, இலக்கம் கொஞ்சம் தவறினாலும் சேர்த்துச் செய்வதே மனிதாபிமானம் என்று நினைக்கிறேன்.

ஒட்டுத் தோற்றுவிட்டால் இரண்டாவது ஒட்டுப் போடலாம். உள் அடுக்கு ஒட்டை மீண்டும் மாற்றுவது பெரும்பாலும் நன்றாகவே அமைகிறது. முழுத் தடிப்பில் ஒவ்வொரு தடவையும் வாய்ப்புக் குறையும். கண்தானத்தில் இலங்கைக்கு உலகளவில் நல்ல பெயர் உண்டு. ஹட்சன் சில்வா 1961 இல் தொடங்கிய கண்தானச் சங்கம் 1964 இல் சிங்கப்பூருக்குக் கண்களை அனுப்பத் தொடங்கி, பல நாடுகளுக்கு அனுப்பியிருக்கிறது. எங்கள் பக்கத்துச் சாவீடுகளில் கண்தானப் பேச்சு இன்னும் அரிதாகவே எழுகிறது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அறுவடை பற்றி. உங்கள் தாயாரின் நிலை ஃபுக்ஸ் நோய் போன்றதாக இருந்தால், சில மாதங்கள் பொறுப்பதால் ஒட்டின் எதிர்காலத்துக்குப் பெரிய கேடு வராது. கண்ணில் கொப்புளம் வெடித்து நோவு வந்தாலோ, புரை மிகவும் கடினமாகிறது என்று நிபுணர் சொன்னாலோ பொறுக்க வேண்டாம். மற்றப்படி, மாசி, பங்குனியில் நெல் வெட்டும் மெஷின் கிளப்பும் தூசியும், வீட்டில் எல்லோரும் வயலில் நிற்கும் நாட்களும் முடிந்த பிறகு திகதி எடுப்பதே புத்தி. முதல் மூன்று மாதங்களுக்கு அடிக்கடி கிளினிக், ஒரு நாளைக்குப் பல தடவை துளி, குளத்தில் முழுகக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. முழுத் தடிப்பு ஒட்டு என்றால், தையல் வட்டம் பழைய பலத்துக்கு ஒருபோதும் வராது. வருடங்கள் கழித்தும் ஒரு விறகுக் கட்டை, தென்னோலை மட்டை, மாட்டுக் கொம்பு பட்டால் அந்த இடம் பிளக்கலாம். வெளியே போகும்போது பாதுகாப்புக் கண்ணாடி போடுவதை ஆயுள் வழக்கமாக்குங்கள். துளி விடும் பொறுப்பை வீட்டில் ஒருவர் பெயரில் ஒப்படைத்து, அவர் இல்லாத நாளில் யார் என்பதையும் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.